திறந்த மூல இயங்குதளத்திற்கு மாறிய பின் கணினிகளைத் தானியங்கு முறையில் ஆயத்தம் செய்தல்

பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் உள்ள மேசைக் கணினிகள் பல இன்று திறந்த மூல இயங்குதளங்களுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. உரிமக் கட்டணம் மிச்சமாகிறது. 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று கூறுகிறது. அன்றியும், 2025 அக்டோபர் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பிற்குக் குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் தேவை. பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. நல்ல நிலையில் இயங்கும் அக்கணினிகளை ஒதுக்கிவிடாமல் பயன்படுத்த விரும்புவோர் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்களை நாடுகின்றனர்.

புதிய இயங்குதளத்தை ஒரு கணினியில் நிறுவுவதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை. நிறுவிய பிறகு தொடங்கும் வேலையே பெரிது. எழுத்துருக்கள், விசைப்பலகைகள், அச்சுப்பொறி, பாட மென்பொருள்கள், மாணவர்களுக்கான பயனர் கணக்குகள் ஆகிய யாவும் ஒவ்வொன்றாக அமைக்கப்பட வேண்டும். இவ்வேலையை ஒவ்வொரு கணினியிலும் கையால் செய்யாமல், ஒரே தடவை எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் கணினியைக் கொண்டே செய்வித்துக்கொள்ளும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

நிறுவலுக்குப் பின் எஞ்சும் வேலை

மைசூரு நகரில் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருப்பதை ஆசிரியர்கள் அறிவர். 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளின் ஆசிரியர்களுக்குப் பணியாற்றி வருகிறது. அதே நகரில் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் உள்ளது. பல மொழியினர் கூடும் இத்தகைய நகரில், ஒரு கணினி ஒரே மொழியில் மட்டும் இயங்கினால் போதாது. கன்னடத்தில் வருகைப் பதிவு எழுதுபவரும், தமிழில் கடிதம் எழுதுபவரும், ஆங்கிலத்தில் அறிக்கை தயாரிப்பவரும் ஒரே மேசையில் அமர நேரிடும்.

எடுத்துக்காட்டாக, மைசூருவில் 20 கணினிகள் கொண்ட ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தைக் கருதுவோம். ஒவ்வொன்றிலும் பின்வரும் வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, கன்னட, தமிழ் எழுத்துருக்களை அமைத்தல். இரண்டாவது, கன்னடத்திற்கு உரிய விசைப்பலகையையும், தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தல். மூன்றாவது, கணிதத்திற்கு ஜியோஜீப்ரா, ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், ஓவியத்திற்கு கிம்ப் போன்ற மென்பொருள்களை நிறுவுதல். நான்காவது, அச்சுப்பொறியை இணைத்தல். ஐந்தாவது, மாணவர் கணக்கு ஒன்றும் ஆசிரியர் கணக்கு ஒன்றும் ஏற்படுத்துதல். ஆறாவது, நேர மண்டலத்தைச் சரிப்படுத்துதல்.

இவற்றிற்கு ஒரு கணினிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும் என்று கொண்டால், 20 கணினிகளுக்கு 50 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைத்தாலும் எட்டு நாட்களுக்கு மேல் தேவைப்படும். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இவ்வளவு அவகாசம் கிடைப்பது அரிது.

கால விரயத்தைக் காட்டிலும் பெரிய குறை வேறொன்று உண்டு. கையால் செய்யும் வேலை எல்லாக் கணினிகளிலும் ஒரே தன்மையாக அமைவதில்லை. ஐந்தாம் கணினிக்குப் பிறகு கவனம் தளர்கிறது. ஏழாம் கணினியில் கன்னட விசைப்பலகை விடுபடுகிறது. பன்னிரண்டாம் கணினியில் அச்சுப்பொறி இணைக்கப்படாமல் போகிறது. செய்முறைத் தேர்வு நாளன்று அக்கணினியின் முன் அமரும் மாணவனுக்கே இந்தக் குறை வெளிப்படும். அவன் தனக்குத் தெரிந்த விடையை எழுத இயலாமல் நிற்பான். பயன்படுத்துவோர் அச்சமயத்தில் புதிய இயங்குதளத்தையே குறை கூறுவர்; அமைப்பு வேலையில் நேர்ந்த தவறு என்று எவரும் எண்ணமாட்டார்கள். பல இடங்களில் மாற்றம் கைவிடப்படுவதற்கு இத்தகைய சிறு குறைகளே காரணமாகின்றன.

மற்றொன்றையும் கருத வேண்டும். அரசுப் பணியில் இடமாற்றம் வழக்கமானது. ஆய்வுக்கூடத்தை அமைத்த ஆசிரியர் வேறூர் சென்றுவிட்டால், எந்த மென்பொருளை எங்கிருந்து பெற்றார், எந்த அமைப்பை ஏன் மாற்றினார் என்பது அவருடனேயே போய்விடுகிறது. பின்னர் ஒரு கணினியின் வன்தட்டு பழுதடைந்தால், அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி தெரியாமல் அது மூலையில் வைக்கப்படுகிறது. ஆகவே, வேலையைச் செய்வதோடு, செய்த வேலையைப் பிறர் மீண்டும் செய்யத்தக்க வடிவில் எழுதிவைப்பதும் இன்றியமையாதது.

பிற இடங்களின் அனுபவம்

இத்துறையில் நம் நாட்டிலேயே கற்கத்தக்க அனுபவங்கள் உள்ளன. கேரளத்தில் 2001ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், அடுத்து வந்த ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வியை முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017ஆம் ஆண்டில் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடநூல்களுக்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் முன்கூட்டியே சேர்த்த தனி இயங்குதளப் பதிப்பை இந்நிறுவனம் தயாரித்து வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பு, இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளை நோக்கமாகக் கொண்டது. இதன் கருத்து யாதெனில், அமைப்பு வேலையை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே செய்யாமல், ஓரிடத்தில் ஒருமுறை நன்கு செய்து அனைவருக்கும் வழங்குவதே ஆகும்.

கர்நாடகத்தில், பெங்களூருவைச் சேர்ந்த ஐ.டி. ஃபார் சேஞ்ச் என்னும் நிறுவனம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சிகளிலும், கல்வி மென்பொருள்கள் சேர்க்கப்பட்ட உபுண்டு இயங்குதளம் பயன்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்ஸிற்கு மாற்றியது. அதே ஆண்டில், சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு ஏற்ற பாஸ் லினக்ஸை வெளியிட்டது.

வெளிநாட்டு அனுபவத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி குறிப்பிடத்தக்கது. அந்நகராட்சி 2013ஆம் ஆண்டிற்குள் சுமார் 15,000 மேசைக் கணினிகளை லிமக்ஸ் எனப் பெயரிட்ட தன் சொந்த லினக்ஸ் பதிப்பிற்கு மாற்றியது. இத்துணைக் கணினிகளைக் கையால் அமைப்பது இயலாத காரியம். எனவே ‘ஃபாய்’ என்னும் முழுத் தானியங்கு நிறுவல் கருவி உபயோகிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் கொலோன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட கருவி இது. எனினும், 2017ஆம் ஆண்டில் நகர மன்றம் மீண்டும் விண்டோஸிற்குத் திரும்ப முடிவு செய்தது. பிற அலுவலகங்களுடன் ஆவணப் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடர்ப்பாடுகளும், பயனாளிகளின் முறையீடுகளும், நிர்வாகத்தின் எண்ணமாற்றமும் அம்முடிவில் பங்கு கொண்டன. தானியங்கு முறை வேலையின் பளுவைக் குறைக்குமேயன்றி, பயனாளிகளின் தேவையை அறிந்துகொள்ளும் பொறுப்பை நீக்கிவிடாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

கட்டளைக் கோப்பு என்றால் என்ன

லினக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் இரண்டு இயல்புகள் இம்முறைக்குத் துணை செய்கின்றன. முதலாவது, அமைப்புகளிற் பெரும்பான்மை எவரும் படிக்கத்தக்க எளிய உரைக் கோப்புகளில் பதியப்பட்டிருக்கும். ஒரு வரியைத் திருத்தினால் அமைப்பு மாறிவிடும். இரண்டாவது, மென்பொருள்கள் ‘பொதி’ எனப்படும் கட்டுகளாகப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட்டிருக்கும். பொதியின் பெயரைச் சொன்னால், கணினி அதனைப் பெற்று, அதற்குத் துணையான பிற பொதிகளையும் சேர்த்து நிறுவிக்கொள்ளும். களஞ்சியத்தின் மின்னியல் கையொப்பம் சரிபார்க்கப்படுவதால், இடையில் எவரும் மாற்றியமைத்த பொதி ஏற்கப்படுவதில்லை.

திரையில் ஒவ்வொன்றாகச் சுட்டிச் செய்யும் வேலையை முனையம் என்னும் சாளரத்தில் கட்டளையாகவும் தரலாம். அக்கட்டளைகளை வரிசையாக ஓர் உரைக் கோப்பில் எழுதி, அக்கோப்பை இயக்குமாறு சொன்னால், கணினி மேலிருந்து கீழாக அவற்றை நிறைவேற்றும். இதுவே கட்டளைக் கோப்பு. யூனிக்ஸ் இயங்குதளத்திற்காக 1979ஆம் ஆண்டில் வெளிவந்த பார்ன் ஷெல் இம்முறைக்கு நிலையான வடிவம் தந்தது. இன்றும் லினக்ஸ் கணினிகளில் எழுதப்படும் ஷெல் கோப்புகள் அதன் வழிவந்தவையே.

ஊற்றுதலும் நிரப்புதலும்

கட்டளைக் கோப்பு எழுதத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டிய ஒரு கருத்து உண்டு. ஒரு பணியாளிடம் தண்ணீர்த் தொட்டியை ஒப்படைத்து, “பத்துக் குடம் ஊற்று” என்று கூறுவதாகக் கொள்வோம். தொட்டி காலியாக இருந்தால் இக்கட்டளை பயன் தரும். பாதி நிறைந்திருந்தால் நீர் வழிந்தோடும். அதற்குப் பதிலாக, “தொட்டியைக் கோடு வரை நிரப்பு” என்று கூறினால், எந்த நிலையிலும் பயன் ஒன்றே. ஏற்கெனவே நிறைந்திருந்தால் பணியாள் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுவான்.

கட்டளைக் கோப்பும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஓர் அமைப்புக் கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதனை மூன்று முறை இயக்கினால் அவ்வரி மூன்று முறை சேர்ந்துவிடும். சில சமயம் கணினி குழப்பமடையும். “அவ்வரி உள்ளதா என்று பார், இல்லையெனில் சேர்” என்று எழுதினால் எத்தனை முறை இயக்கினும் தீங்கில்லை. பயனர் கணக்கு ஏற்படுத்தும்போதும், கோப்புறை உண்டாக்கும்போதும் இவ்விதியே பொருந்தும். பொதிகளை நிறுவும் கட்டளை இயல்பாகவே இத்தன்மை உடையது. இருக்கும் பொதியை அது மீண்டும் நிறுவுவதில்லை.

இதன் நன்மை நடைமுறையில் பெரிது. பாதியில் மின்சாரம் தடைப்பட்டால், மின்சாரம் வந்தபின் கோப்பை முதலிலிருந்து இயக்கினால் போதும். பொதியின் நிறுவல் இடையில் நின்றிருந்தால் அதனை முடிக்கும் கட்டளையைக் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கலாம். ஆண்டு இறுதியில் புதிய மென்பொருள் ஒன்று தேவைப்பட்டால், அதன் பெயரைப் பட்டியலில் சேர்த்து எல்லாக் கணினிகளிலும் மீண்டும் இயக்கலாம். முன்னர் செய்தவை கெடாது. புதியது மட்டும் சேரும்.

இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்ட கருவிகளும் உள்ளன. 1993ஆம் ஆண்டில் ஆஸ்லோவில் உருவான சி.எஃப். எஞ்சின் இவற்றுள் முன்னோடியாகும். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆன்சிபிள் இன்று பெரிதும் வழங்குகிறது. ஆசிரியர் தம் கணினி ஒன்றில் அமர்ந்துகொண்டு, வேண்டிய இறுதி நிலையை எளிய பட்டியலாக எழுதினால், ஆன்சிபிள் வலையமைப்பின் வழியே மற்றக் கணினிகளைத் தொடர்புகொண்டு அந்நிலைக்குக் கொண்டுவரும். அக்கணினிகளில் ஆன்சிபிளுக்கெனத் தனி மென்பொருள் நிறுவ வேண்டுவதில்லை. பாதுகாப்பான தொடர்பு வசதியும் பைத்தான் மொழியும் இருந்தால் போதுமானது. ஐந்தாறு கணினிகள் உள்ள இடத்தில் எளிய ஷெல் கோப்பே போதும். அதற்கு மேற்பட்டால் ஆன்சிபிளைக் கற்பது பயனுடையது.

செய்முறை

ஆய்வுக்கூடம் ஒன்றினை ஆயத்தம் செய்வதற்குப் பின்வரும் வரிசை ஏற்றது.

1. தேவையைப் பட்டியலிடுதல். பழைய இயங்குதளத்தை அகற்றுமுன், ஒவ்வொரு பயனாளியும் எந்த மென்பொருளை எதற்கு உபயோகிக்கிறார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சுப்பொறி, வருடி ஆகியவற்றின் வகைப் பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய ஆவணங்கள் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை நியம முறையாக ஏற்றது. ஆயினும் அதற்கு முற்பட்ட ஆவணங்கள் பல வேறு குறியேற்றங்களில் உள்ளன. கன்னட ஆவணங்களிலும் இந்நிலை உண்டு. இவற்றை மாற்றத்திற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவைத்தல் நலம். இல்லையெனில் புதிய கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

2. தரவைப் பிரித்துவைத்தல். பயனாளிகளின் கோப்புகள் அனைத்தையும் முதலில் வெளி வன்தட்டில் படியெடுக்க வேண்டும். புதிய இயங்குதளத்தை நிறுவும்போது, ‘ஹோம்’ எனப்படும் பயனர் கோப்புறைக்கு வன்தட்டில் தனிப் பகுதி ஒதுக்குதல் நல்லது. பின்னர் இயங்குதளத்தை மறுபடி நிறுவ நேர்ந்தாலும், அப்பகுதியை அழிக்காமல் விட்டுவிடலாம்.

3. நிறுவலின் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை எழுதுதல். நிறுவும்போது மொழி, நேர மண்டலம், வன்தட்டுப் பிரிவு முதலியவற்றைக் கணினி கேட்கும். இவ்விடைகளை ஒரு கோப்பில் எழுதித் தந்துவிட்டால், எவரும் அருகில் இல்லாமலேயே நிறுவல் முடியும். டெபியனில் இது ப்ரீசீட் என்றும், ரெட்ஹாட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட் என்றும், சூசியில் ஆட்டோயாஸ்ட் என்றும், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால் என்றும் வழங்குகிறது. வன்தட்டை அழிக்கும் விடையும் இக்கோப்பில் அடங்குவதால், இதனைத் தவறான கணினியில் இயக்கிவிடாமல் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

4. பொதிப் பட்டியல் தயாரித்தல். முதலில் ஒரு கணினியைக் கையால் முழுமையாக அமைத்து, அதனை மாதிரியாகக் கொள்ளலாம். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் ‘ஆப்ட்-மார்க்’ கட்டளையுடன் ‘ஷோமேனுவல்’ என்னும் சொல்லைச் சேர்த்துத் தந்தால், தானாக வந்த துணைப் பொதிகளை விடுத்து, நேராக நிறுவப்பட்டவற்றின் பெயர்களை மட்டும் கணினி பட்டியலிடும். இயங்குதளத்தோடு வந்தவற்றை அதிலிருந்து நீக்கி, எஞ்சியவற்றை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அது எந்த வகுப்பிற்கு, எதற்காக என்ற குறிப்பும் இருத்தல் நன்று.

5. மொழி அமைப்புகளை எழுதுதல். இந்திய மொழிகளுக்கு இதுவே மிகுந்த கவனத்திற்குரிய பகுதி. ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பையும், எம்17என் என்னும் விசைப்பலகைத் தொகுப்பையும் நிறுவினால், தமிழுக்குத் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகியவையும், கன்னடத்திற்கு கே.ஜி.பி., இன்ஸ்கிரிப்ட் ஆகியவையும் கிடைக்கும். எழுத்துருக்களுக்கு லோகித், நோட்டோ ஆகிய குடும்பங்கள் உள்ளன. விசைப்பலகைகளின் வரிசையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விசையும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருக்குமாறு கோப்பில் குறிப்பிட வேண்டும். இருக்கை மாறும் மாணவன் விசையைத் தேடி அலையலாகாது.

6. நேரம், அச்சுப்பொறி, பயனர் கணக்கு. நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று குறிப்பிட வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்தால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டக்கூடும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் கணினியின் வன்பொருட் கடிகாரத்தில் வைப்பதே இதற்குக் காரணம். இரண்டும் ஒரே முறையைப் பின்பற்றுமாறு அமைத்துவிட்டால் குறை நீங்கும். அச்சுப்பொறியைக் கப்ஸ் என்னும் அச்சு அமைப்பின் கட்டளை கொண்டு இணைக்கலாம். மாணவர் கணக்கிற்கு மென்பொருள் நிறுவும் அதிகாரம் தரலாகாது.

7. சோதித்தல். கோப்பை எழுதியவுடன் 20 கணினிகளிலும் இயக்குவது பெருந்தவறு. முதலில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினியில் இயக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் ஒரு கணினியிலும், அதன்பின் ஐந்து கணினிகளிலும், இறுதியாக எல்லாவற்றிலும் இயக்கலாம். ஒவ்வொரு முறையும் இருதடவை இயக்கி, இரண்டாம் தடவையில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தமிழில் கொ, கோ, கௌ போன்று இருபுறமும் குறி பெறும் எழுத்துகளையும், கன்னடத்தில் எழுத்தின் கீழ் வரும் ஒத்தக்ஷரங்களையும் எழுதி அச்சிட்டுப் பார்த்தால், எழுத்துரு, விசைப்பலகை, அச்சுப்பொறி மூன்றும் ஒருங்கே சோதிக்கப்படும்.

8. பதிவு செய்தல். ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் காரணமும் குறித்து வைக்க வேண்டும். இதற்கு 2005ஆம் ஆண்டில் உருவான கிட் என்னும் கருவி பெரிதும் பயன்படுகிறது. அது இல்லாத இடத்தில் கோப்பின் பெயரோடு நாளைச் சேர்த்துப் பழைய படிகளைக் காத்தாலும் போதும்.

இணைய வசதி குறைந்த இடங்களில்

ஒரு கணினிக்கு ஒன்றரை ஜிகாபைட் அளவுள்ள பொதிகள் தேவைப்படும் என்று கொண்டால், 20 கணினிகளுக்கு 30 ஜிகாபைட் இறக்கப்பட வேண்டும். சிற்றூர்களில் இது எளிதன்று. இதற்கு ஒரு வழி உண்டு. ஆய்வுக்கூடத்தின் ஒரு கணினியை இடைச் சேமிப்பகமாக அமைத்துவிட்டால், முதற் கணினி கேட்கும் பொதி இணையத்திலிருந்து வந்து அங்கே தங்கும். மற்றவை அங்கிருந்தே பெற்றுக்கொள்ளும். இணையத்திலிருந்து வரும் அளவு ஒன்றரை ஜிகாபைட் மட்டுமே. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் மென்பொருள் இவ்வேலையைச் செய்கிறது. இணையம் அறவே இல்லாத பள்ளிக்கு, வேறிடத்தில் திரட்டிய பொதிகளை வெளி வன்தட்டில் கொண்டுசென்று அதனையே களஞ்சியமாகக் காட்டலாம்.

படியெடுக்கும் முறையோடு ஒப்பீடு

ஒரு கணினியின் வன்தட்டை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் பதிக்கும் முறையும் வழக்கில் உள்ளது. தைவானில் உருவாக்கப்பட்ட குளோன்சில்லா இதற்குரிய கருவி. ஒரே வகைக் கணினிகள் பல இருக்கும் இடத்தில் இது விரைவானது. கட்டளைக் கோப்பு எழுதும் பயிற்சியும் வேண்டுவதில்லை.

ஆயினும் இதில் சில குறைகள் உண்டு. படி பல ஜிகாபைட் அளவுடையது. அதனுள் என்ன இருக்கிறது என்று எவரும் படித்து அறிய இயலாது. ஒரு சிறு திருத்தத்திற்கும் முழுப் படியையும் மீண்டும் தயாரிக்க நேரிடும். அன்றியும், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே இருக்க வேண்டிய அடையாள எண்ணும், பாதுகாப்பான தொடர்புக்குரிய திறவுகோல்களும் எல்லாவற்றிலும் ஒன்றாகிவிடும். அவற்றைப் பின்னர் மாற்றியமைக்க மறந்தால் வலையமைப்பில் குழப்பமும் பாதுகாப்புக் குறைவும் உண்டாகும். கட்டளைக் கோப்போ சில நூறு வரிகளுக்குள் அடங்கும். படிக்கலாம், திருத்தலாம், மின்னஞ்சலில் மற்றொரு பள்ளிக்கு அனுப்பலாம். விரைவு வேண்டுமிடத்து, வெறும் இயங்குதளத்தைப் படியெடுத்துப் பதித்து, மீதியைக் கட்டளைக் கோப்பிற்கு விட்டுவிடுதல் இரண்டின் நன்மையையும் தரும்.

எச்சரிக்கைகள்

கட்டளைக் கோப்பு முழு அதிகாரத்துடன் இயங்குவது. ஒரு தவறு ஒரு கணினியில் மட்டும் நில்லாது. எல்லாவற்றிலும் நொடியில் பரவும். ஆதலால் சில விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கடவுச்சொற்களைக் கோப்பினுள் எழுதலாகாது. அவற்றை இயக்கும் சமயத்தில் கேட்டுப் பெறுமாறு அமைக்க வேண்டும். ஒரு கட்டளை பிழையுற்றால், மேற்செல்லாமல் நின்று செய்தி தருமாறு கோப்பின் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். கோப்புகளை அழிக்கும் கட்டளைகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும். பிறர் எழுதிய கோப்பை, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று படித்தறியாமல் இயக்கலாகாது. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போது சில பொதிகளின் பெயர்கள் மாறுவதுண்டு. எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் கோப்பைச் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தானியங்கு முறைக்கு உட்படுத்த முயல்வதும் தவறு. ஆயுளில் ஒருமுறை மட்டும் செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்துவிட்டுக் குறிப்பு எழுதிவைத்தல் போதுமானது. மூன்றாம் முறையாகச் செய்ய நேரும் வேலை எதுவோ, அதுவே கோப்பில் இடம் பெறத்தக்கது.

ஒப்படைப்பு ஆவணமாகக் கட்டளைக் கோப்பு

கட்டளைக் கோப்பில் ‘#’ என்னும் குறியீட்டை வரியின் முதலில் இட்டால், அவ்வரியைக் கணினி பொருட்படுத்தாது. படிக்கும் மனிதருக்கான விளக்கங்களை அங்கே எழுதலாம். இன்றைய லினக்ஸ் இயங்குதளங்கள் ஒருங்குறியை ஏற்பதால், இவ்விளக்கங்களைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதத் தடையில்லை. “இவ்வச்சுப்பொறி இரண்டு பக்கமும் அச்சிடாது, ஆகவே இவ்வமைப்பு” என்பது போன்ற ஒரு வரி, பின் வருபவருக்குப் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஆசிரியர் இடமாற்றம் பெறும்போது, ஆய்வுக்கூடத்தின் சாவிகளையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைப்பது வழக்கம். அவற்றோடு இக்கோப்பின் படியொன்றும் ஒப்படைக்கப்படுமாயின், அடுத்து வருபவர் எதனையும் ஊகிக்க வேண்டிய நிலை ஏற்படாது. வன்தட்டு பழுதுற்ற கணினிக்குப் புதிய வன்தட்டைப் பொருத்தி, இயங்குதளத்தை நிறுவி, கோப்பை இயக்கினால், சிறிது நேரத்தில் அது மற்றவற்றைப் போன்றே ஆகிவிடும். தேர்வுக்கு முந்தைய நாள் பழுது நேர்ந்தாலும் மாணவரின் தேர்வு தடைப்படாது. உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணம் ஒரு நன்மை எனில், கணினியின் அமைப்பு முழுவதையும் தம் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் உரிமை அதனினும் பெரிய நன்மை. அவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொள்வது ஆசிரியர்களின், களப் பணியாளர்களின் கையில் உள்ளது.

பயிற்சி

1. உங்கள் பள்ளி அல்லது அலுவலகக் கணினி ஒன்றில், இயங்குதளத்தோடு வராமல் பின்னர் சேர்க்கப்பட்ட மென்பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பயனையும் எழுதுக.

2. “ஊற்று” வகைக் கட்டளைக்கும் “நிரப்பு” வகைக் கட்டளைக்கும் அன்றாட வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

3. எட்டுக் கணினிகள் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜிகாபைட் பொதிகள் தேவை. இடைச் சேமிப்பகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இணையத்திலிருந்து இறக்க வேண்டிய அளவைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

4. நாளையே உங்களுக்கு இடமாற்றம் வந்தால், அடுத்து வருபவர் உங்கள் கணினிகளைப் பற்றி அறிய வேண்டிய செய்திகள் யாவை? அவற்றுள் எழுத்தில் உள்ளவை எத்தனை?